மறுமொழி: குழந்தைகளின் இரைப்பை அழற்சி – ‘தீரா’ வேண்டாமே

அண்ணாச்சி, டீச்சர், நண்பர்களே, வணக்கம். குழந்தைகளுக்கு வரும் ‘க்ரானிக் கேஸ்ட்ரைட்டிஸ்’ பற்றி பெற்றோருக்காக நாம் போடும் துண்டறிக்கையில், அதை ‘நாட்பட்ட இரைப்பை அழற்சி’ என்று எழுதுவதா, வேறு சொல்லா என்பதுதான் பேச்சு.

டீச்சர் எழுதியது:

> ‘நாட்பட்ட’ என்பது சலித்துப்போன சொல். ‘தீரா இரைப்பை அழற்சி’ என்றால் சுருக்கம், ஓசையும் நன்று.

ஓசை நன்றுதான் டீச்சர். ஆனால் இந்தத் துண்டறிக்கையைப் படிக்கப்போவது, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். ‘தீரா’ என்று பார்த்தால் அவர் நெஞ்சு என்ன பாடுபடும்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தீரக்கூடியது என்பதுதான் விஷயமே. குழந்தைகளிடம் இதற்கு முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அது போனால் அழற்சியும் மெல்ல ஆறும். 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் அதைப் பிரித்தெடுக்கும்வரை வயிற்றுப்புண்ணுக்குக் காரத்தையும் கவலையையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இன்றைக்கும் முதல் பழி மீன்குழம்பில் அரைத்த வற்றல் மிளகுக்குத்தான்!

அதனால் ‘நாட்பட்ட’ இருக்கட்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும். நாட்பட்டது அழற்சி, வலி அல்ல. இரைப்பையின் உட்படலத்திலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது நோயெதிர்ப்பு வேலை செய்யும் நிணநீர்ச் செல்களும் பிளாஸ்மா செல்களும் ஊடுருவியிருந்தால்தான் இந்தப் பெயர். ஒரு வருஷமாக வயிறு வலிக்கும் பிள்ளையின் இரைப்பை சுத்தமாக இருக்கலாம். வலியே சொல்லாத பிள்ளைக்கு, இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் தேறாத சோகை மட்டுமே துப்பாக இருக்கலாம்.

அண்ணாச்சி சொன்ன ‘பிள்ளைக் குன்மம்’ கேட்க நன்றாக இருக்கிறது. நம் நாட்டு வைத்திய ஆசான்மார் வாயில் புழங்கும் சொல்லும்கூட. ஆனால் சித்த மருத்துவத்தில் குன்மம் என்ற வயிற்றுநோய் எட்டு வகை; புண், செரியாமை எல்லாம் அதற்குள் அடங்கும். திசுவை வைத்து இட்ட பெயருக்கு அதைப் பொருத்தினால் இரண்டு மருத்துவமும் குழம்பிவிடும்.

நான் புதிதாகக் கேட்பது வேறொரு சொல்லுக்கு. ஹெலிகோபாக்டர் கிருமி உள்ள பிள்ளைகளுக்கு, வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் அடிப்பகுதி பல நேரம் வழவழப்பாக இராது. இறகு பிடுங்கிய கோழித் தோல்போல நெருக்கமாகச் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். பெரியவர்களிடம் இதைக் குறைவாகவே பார்க்கலாம். ‘முடிச்சு அழற்சி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முடிச்சு என்றதும் நம் ஆட்களுக்குக் கட்டி, கட்டி என்றதும் புற்றுநோய். அதனால் ‘பரலழற்சி’ என்கிறேன். பரல் என்றால் சிறுகல், பயம் காட்டாது.

அடுத்து, மருத்துவத்தின் பெயர். ‘ஒழிப்பு’ வேண்டாம், அது போலியோ மாதிரி ஊரையே கிருமியிலிருந்து விடுவிக்கும் வேலைக்கு. இங்கே ஒரு பிள்ளையின் வயிற்றிலிருந்து அகற்றுகிறோம், ‘கிருமி நீக்கம்’ போதும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற ஒன்று, கூட இரண்டு ஆன்டிபயாட்டிக்: பெரும்பாலும் அமாக்சிசிலினும், அதனுடன் கிளாரித்ரோமைசின் அல்லது மெட்ரோனிடசோலும். அளவு எடையைப் பொறுத்தது, காலம் 14 நாள். வலி நின்றதும் நாலாம் நாளே நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடப்பது. அப்புறம் மிஞ்சும் கிருமியிடம் அதே மருந்து பலிக்காமல் போகலாம். முடித்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து, போய்விட்டதா என்று பார்க்கவேண்டும். இதற்கு ‘நீக்க உறுதி’ சரியா, ‘நீக்கச் சோதனை’ சரியா? எனக்கு முன்னது பிடிக்கிறது.

பரலழற்சிக்கு மாற்று வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.