12 வயது ஐஸ் ஹாக்கி: விசில் முன்னாடியா, பின்னாடியா?

பனித்தள அப்பா: சனிக்கிழமை கோலாலம்பூர்ல நடந்த ஆட்டத்துல நாம 3-2ன்னு தோத்ததுக்கு, "பிள்ளைங்க சான்ஸை விட்டுட்டாங்க, ரெஃப்ரிமேல பழி போடாதீங்க"ன்னு நீலக்கோடு எழுதியிருக்காரு. பக் (ரப்பர் வட்டு) கோலியோட (கோல் காக்குறவன்) இடது கால் பேடுக்கு வெளியே கிடந்துச்சு. நம்ம பையன் தட்டினான், கோட்டைத் தாண்டுச்சு, அப்புறம்தான் விசில். ரெஃப்ரி கோல் தரல. இது கோல் இல்லையா?

நீலக்கோடு: இல்ல. பக் கண்ணுக்கு மறைஞ்சதும் ரெஃப்ரி நிறுத்தணும். அவர் முடிவெடுத்த நொடிதான் கணக்கு, சத்தம் வந்த நொடி இல்ல. கையைத் தூக்கி வாயில வச்சு ஊதுறதுக்குள்ள பக் உள்ள போயிருந்தாலும் கோல் கிடையாது. விதியைப் படிங்க அண்ணே.

பனித்தள அப்பா: மறைஞ்சதா? எங்க நின்னாரு? ரெண்டு ரெஃப்ரி முறையில முன்னாடி போறவர் கோல் கோடு வரைக்கும் இறங்கணும், பின்னாடி வர்றவர் ஐஸ்ல போட்டிருக்கிற நீலக்கோட்டைப் பாக்கணும். இவர் ஃபேஸ்ஆஃப் வட்டத்தை (பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்குற இடம்) விட்டு இறங்காம, கோலுக்குத் தள்ளியே நின்னுட்டாரு. அங்கிருந்து அஞ்சு பேர் முதுகுதான் தெரியும். பக் வெளியே கிடந்துச்சு.

கோலி அம்மா: பேடுக்கு அடியில ஸ்டிக்கை விட்டுக் கிளறினா பிள்ளை கை என்ன ஆகும்? இந்த வயசுல விசில் சீக்கிரமே வரணும்.

பனித்தள அப்பா: அடியில இல்லக்கா. வெளியே. வெ-ளி-யே.

செந்தூல்காரன்: எம்பயர் சிட்டி பனித்தளம் மாதிரி 60க்கு 30 மீட்டர் தளத்துல ரெண்டு பேர் எப்படிச் சமாளிப்பாங்க? நாலு பேர் போடுங்க லா.

நீலக்கோடு: நாலு பேருக்குக் காசு யார் தருவா? கட்டணம் ஏறினப்ப முதல்ல சண்டை போட்டது நீங்கதான்.

செந்தூல்காரன்: அது ஜெர்சிக் காசு. தெரியாம பேசாதீங்க.

நீலக்கோடு: சரி, விஷயத்துக்கு வருவோம். நாலு பவர் பிளே, அதாவது எதிரணியில ஒருத்தன் தண்டனையில வெளியே இருக்கிற நேரம், முழுசா எட்டு நிமிஷம், ஒரு கோல் இல்ல. மூணு பேர் தளத்தோட சுவர் ஓரமா நின்னு பக்கை மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. கோலி கண்ணை மறைக்க முன்னாடி ஒருத்தன் இல்ல. வலை 1.83 மீட்டர் அகலம், 1.22 உயரம். சின்னக் கோலி மண்டி போட்டா மேல அவ்வளவும் காலி, இவங்க ஐஸை ஒட்டியே அடிச்சுப் பேடுக்குத் தீனி போட்டாங்க. நம்ம ரெண்டு பேர் எதிர்ல ஒரே டிஃபென்ஸ்காரன்னு போன ரெண்டு தடவையும் டிஃபென்ஸ்காரன் படுத்ததுக்கு அப்புறம்தான் பாஸ். அவன் படுக்குறதுக்கு முன்னாடியே கொடுக்கணும், இல்லன்னா தூக்கிக் கொடுக்கணும்.

பனித்தள அப்பா: எட்டு நிமிஷம் கிடக்கட்டும். விசில் பின்னாடி வந்துச்சா இல்லையா? வீடியோவுல தெளிவா கேக்குது.

நீலக்கோடு: அந்த போன் எதிர்ப் பக்கம் இருந்துச்சு. 30 மீட்டர் தாண்டி சத்தம் வந்து சேரவே ஒரு வினாடியில பத்துல ஒரு பங்கு ஆகும். அப்போ விசில் நீங்க கேட்டதைவிட முன்னாடியே ஊதியாச்சு. உங்க வீடியோவே எனக்குத்தான் சாட்சி.

பனித்தள அப்பா: பத்துல ஒரு பங்கை வச்சு ஒரு பையனோட கோலை அழிக்கிறீங்க. அவனை முதல் லைன்ல (முதல்ல இறங்குற குழுவுல) போட்டப்பவே உங்களுக்குப் பிடிக்கல, எல்லாருக்கும் தெரியும்.

நீலக்கோடு: பையனை இழுக்காதீங்க. இடம் தப்புன்னு ரெஃப்ரியைச் சொல்லுங்க, கேக்கலாம். கோல்னு சொல்லாதீங்க.

கோலி அம்மா: அந்த எட்டு நிமிஷத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பனித்தள அப்பா: அடுத்த ஆட்டத்துல கோல் கோட்டுக்கு நேரா ட்ரைபாட் வைக்கிறேன். பக் வெளியே கிடந்துச்சு.

நீலக்கோடு: வைங்க. நம்ம ஆட்டத்துல வீடியோ பாத்துத் தீர்ப்பு மாத்துற வழக்கம் இல்ல.