போனில் கிரிப்டோ.சப்டில் இல்லை, சர்வரில் கையொப்பம் ஏற்கப்படவில்லை

வேப்பங்காற்று (கேள்வி)

வணக்கம். பிரவுசரிலேயே கீ ஜோடி (கையொப்பமிட பிரைவேட் கீ, சரிபார்க்க பப்ளிக் கீ) உருவாக்கி, படிவத்தில் நிரப்பிய தகவலுக்குக் கையொப்பமிட்டு சர்வருக்கு அனுப்பும் பக்கம் இது. கையொப்ப முறை ஈசிடிஎஸ்ஏ, அதன் வளைகோடு பி-256, ஹாஷ் ஷா-256. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட்டில் கீ உருவாகிறது. அதே பக்கத்தைப் போனில் எச்டிடிபி வழியே 192.168.1.7:5173 என்று திறந்தால் ஜெனரேட்கீ வரியிலேயே நின்றுவிடுகிறது. பிரவுசரின் குறியாக்க வசதியான கிரிப்டோ.சப்டில் 'அன்டிஃபைன்ட்' என்கிறது.

இன்னொன்று. லேப்டாப்பில் வரும் கையொப்பம் எப்போதும் 64 பைட். பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி ஒன்றைக்கூட ஏற்பதில்லை; எல்லாவற்றுக்கும் 'இன்வேலிட் சிக்னேச்சர்'.

சப்டில் இல்லாத இடத்தில் பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு மாறிக்கொள்ளும்படி எழுதலாமா?

நூல்கண்டு

போன் பிரவுசரில் குறை எதுவும் இல்லை. சப்டில், பாதுகாப்பான சூழலில் மட்டுமே கிடைக்கும்: எச்டிடிபிஎஸ் வேண்டும், அல்லது லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 போன்ற முகவரியாக இருக்க வேண்டும். வீட்டு வைஃபை ஐபிக்கு அந்தச் சலுகை கிடையாது. கன்சோலில் விண்டோ.இஸ்செக்யூர்கான்டெக்ஸ்ட் என்று அடித்துப் பாருங்கள், 'ஃபால்ஸ்' வரும்.

ஆண்ட்ராய்டு என்றால் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, 'ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:5173 டிசிபி:5173' கட்டளையை லேப்டாப்பில் கொடுங்கள் (ஏடிபி, ஆண்ட்ராய்டு டெவலப்பர் கருவி). பிறகு போனிலேயே லோக்கல்ஹோஸ்ட்:5173 திறக்கும். ஐபோனுக்கு எம்கேசர்ட் என்ற சான்றிதழ் கருவி கொண்டு அந்த ஐபிக்குச் சான்றிதழ் உருவாக்கி, அதன் ரூட் சான்றிதழைப் போனில் நிறுவ வேண்டும். நிறுவியதோடு விட்டுவிடாதீர்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய், கடைசியில் உள்ள சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸில் அதற்குத் தனியாக நம்பிக்கை அளித்தால்தான் வேலை செய்யும்.

அடிக்கோடு

64 பைட் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. வெப் கிரிப்டோ (சப்டில் அதன் பகுதி), கையொப்பத்தின் இரு எண்களை ஆர் 32 பைட், எஸ் 32 பைட் என ஒட்டித் தருகிறது. பைத்தான் லைப்ரரி எதிர்பார்ப்பது டிஇஆர் வடிவம், அதாவது நீளக் குறிப்புகளோடு எண்களை அடுக்கும் முறை: முதல் பைட் ஹெக்ஸில் 30, மொத்த நீளம் பெரும்பாலும் 70 முதல் 72 வரை. கணக்கு சரியாக இருந்தும் உறை மாறியதால் நிராகரிக்கிறது.

சர்வரில் 64 பைட்டை நடுவில் பிரித்து, இரண்டையும் பிக்-எண்டியன் முழு எண்ணாக்கி, அதே பைத்தான் லைப்ரரியின் என்கோட்_டிஎஸ்எஸ்_சிக்னேச்சரிடம் கொடுங்கள். நோட்.ஜேஎஸ் சர்வராக இருந்தால் டிஎஸ்ஏஎன்கோடிங் விருப்பத்தில் 'ஐஈஈஈ-பி1363' என்று எழுதினாலே போதும்.

இந்த மாற்றத்தைக் கையால் எழுத வேண்டாம். ஆரின் முதல் பிட் 1 ஆக இருந்தால் டிஇஆரில் முன்னால் ஒரு 00 பைட் சேர்க்க வேண்டும், எஸ்ஸுக்கும் அப்படியே. இதை மறந்தால் ஏறக்குறைய நான்கில் மூன்று கையொப்பம் விழும், ஒன்று தேறும். அந்த ஒன்று தேறுவதுதான் ஆளை நெட்வொர்க் பக்கம் தேட வைக்கும்.

கருங்கல்

கேள்வியின் கடைசி வரிக்குப் பதில்: எழுதவே கூடாது. ஜேஎஸ்பிஎன் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் நடந்தது இதுதான். பிரவுசரின் நல்ல ரேண்டமைப் பயன்படுத்தலாமா என்று பார்க்க, பதிப்பு '5'ஐ விடச் சிறியதா என எழுத்து ஒப்பீடு செய்தது. பின்னால் வந்த பிரவுசர்கள் எல்லாம் '5.0' என்று தொடங்கியதால் அந்தக் கிளைக்குள் நிரல் போகவே இல்லை. பிழைச் செய்தி ஒன்றும் காட்டாமல் எளிதில் ஊகிக்கக்கூடிய மேத்.ரேண்டமுக்கு இறங்கிவிட்டது. அதை நம்பிய பிட்காயின்ஜேஎஸ் என்ற பிட்காயின் லைப்ரரி வழியாக 2011 முதல் 2015 வரை பிரவுசரில் உருவான வாலட்கள் பல பலவீனமானவை என்று 2023 நவம்பரில் 'ராண்ட்ஸ்டார்ம்' என்ற பெயரில் வெளியானது.

பிரவுசரின் நல்ல ரேண்டமைத் தரும் கெட்ரேண்டம்வேல்யூஸ் எச்டிடிபியிலும் கிடைக்கும் (ஒரு அழைப்புக்கு 65,536 பைட் வரை). ஆனால் எச்டிடிபியில் வரும் பக்கத்தை வழியில் யாரும் திருத்திவிட முடியும். அங்கே உருவான கீயை நம்ப இடமில்லை. சப்டில் இல்லையா, செய்தி காட்டி நிறுத்துங்கள்.

கீயை வெளியே எடுக்கலாமா என்று சொல்லும் எக்ஸ்ட்ராக்டபிளை 'ஃபால்ஸ்' என வைத்து, பிரைவேட் கீயைப் பிரவுசரின் தரவுத்தளமான இண்டெக்ஸ்ட்டிபியில் அப்படியே சேமியுங்கள். ஜேசனாக்கி லோக்கல்ஸ்டோரேஜில் போட்டால் வெற்று {} மட்டுமே மிஞ்சும். பப்ளிக் கீயை எப்படியும் எக்ஸ்போர்ட் செய்யலாம்.

வேப்பங்காற்று

இரண்டும் சரியாயின, நன்றி. எண்ணை மட்டும் அனுப்பினால் தேறுகிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் தமிழில் இருந்தால் மறுபடி விழுகிறது. சர்வரில் ஜேசனைப் பிரித்து, மீண்டும் டம்ப்ஸ் மூலம் ஜேசன் உரையாக்கித்தான் சரிபார்க்கிறேன்.

அடிக்கோடு

மீண்டும் டம்ப்ஸ் செய்வதுதான் தவறு. பைத்தான் தானாகவே தமிழ் எழுத்துகளை \யு0பி95 போன்ற குறிகளாக்கிவிடும். காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின் இடைவெளியும் சேர்க்கும். பிரவுசரின் ஸ்ட்ரிங்கிஃபை இரண்டையும் செய்யாது. உங்கள் எண் தேறியது, அது ஒற்றை மதிப்பாகப் போனதால்தான்.

அதோடு 'கொ' எழுத்தையும் கவனியுங்கள். ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், எகரக்குறியும் கால்குறியும் என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, யுடிஎஃப்-8இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். சர்வரில் எங்காவது என்எஃப்சி சீராக்கம் (இரண்டாக வந்ததை ஒரே குறியீடாக்குவது) நடந்தால் கையொப்பம் உடையும்.

டெக்ஸ்ட்என்கோடர் தந்த பைட்டுகளுக்குக் கையொப்பமிட்டு, அதே பைட்டுகளை பேஸ்64இல் அனுப்புங்கள். சர்வர் முதலில் அவற்றைச் சரிபார்க்கட்டும், பிறகு ஜேசனைப் பிரிக்கட்டும். அப்படியும் விழுந்தால் இரு பக்கமும் அந்த பைட்டுகளின் ஷா-256ஐ ஹெக்ஸில் அச்சிட்டு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் தரவில் கோளாறு, ஒத்துப்போனால் கீயிலோ வடிவத்திலோ தேடுங்கள்.