காமாக்கதிர் வெடிப்பா, பீறலா? வெள்ளிக்கிழமைக்குள் மூன்று சொல் வேண்டும்

இர.மா. எழுதியது, திங்கள் காலை

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோளரங்கம் ஒன்றின் காட்சிப் பலகைகளுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காமா ரே பர்ஸ்டை, அதாவது தொலைவிண்ணிலிருந்து திடீரென வந்து சிறிது நேரத்தில் மறையும் காமாக்கதிரை, எப்படிக் கண்டறிகிறார்கள், வானத்தில் எங்கே என்று எப்படிக் குறிக்கிறார்கள் என்பதுதான் பொருள். மூன்று சொல் இடிக்கின்றன.

பர்ஸ்ட்: இணையத்தில் 'காமாக்கதிர் வெடிப்பு' புழங்குகிறது. ஆனால் பக்கத்துப் பலகையில் சூப்பர்நோவாவுக்கும் 'விண்மீன் வெடிப்பு' என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். அடுத்தது ஆஃப்டர்குளோ, பர்ஸ்டுக்குப் பின் நீடிக்கும் ஒளி. மூன்றாவது லோக்கலைசேஷன், வானத்தில் எங்கே என்று குறிப்பது. இதற்குக் கணினித் தமிழில் உள்ள 'உள்ளூராக்கம்' இங்கே உதவாது. வாசிக்கப்போவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்பதை மனத்தில் வையுங்கள்.

ம.செ. எழுதியது, திங்கள் மதியம்

அன்புள்ள இர.மா.,

வெடிப்பு வேண்டாம். வெடித்தல் என்றால் முதற்பொருள் பிளவுபடுதல். பருத்தி வெடித்தது, உதடு வெடித்தது, கோடையில் வயல் வெடித்தது என்கிறோம். வெடிமருந்தின் ஓசையெல்லாம் பின்னால் வந்து ஏறிய பொருள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. இதை முதலில் பார்த்தவர்கள் எதுவும் வெடித்ததைப் பார்க்கவில்லை. 1963 உடன்படிக்கையை மீறி யாராவது அணுகுண்டுச் சோதனை நடத்துகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பியவை வேலா செயற்கைக்கோள்கள். 1967 சூலை 2 அன்று அவற்றில் பதிவானது காமாக்கதிர் எண்ணிக்கையின் திடீர் ஏற்றம் மட்டுமே. அது பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று உறுதிசெய்து 1973இல்தான் வெளியிட்டார்கள். கண்டது ஒரு பீறல். ஆகவே 'காமாப்பீறல்' என்பது என் பரிந்துரை.

கீறு, பீறு இரண்டும் இணைச்சொற்கள். கீறுவது வெளியிலிருந்து உள்ளே. பீறுவது உள்ளிருந்து வெளியே. குருதி பீறிட்டது, ஊற்று பீறிட்டது. பால் சுரப்பதைச் சொல்லும் 'பீர்' இதற்கு உறவா என்பது தனி ஆய்வு. பீரிடு, பீறிடு என்று இருவகையாகவும் எழுதக் காண்கிறோம். இடையின ரகரம் மெல்ல ஒழுகுவதற்கும் வல்லின றகரம் விசையோடு பாய்வதற்கும் பொருந்துகிறது என்று நெடுங்காலமாக எனக்கு ஓர் எண்ணம். ஊறு, ஏறு, சீறு, மீறு எல்லாவற்றிலும் அந்த விசை இருக்கிறது.

ஆ. எழுதியது, திங்கள் மாலை

ஐயா, 'ஊர்தல்' மெல்ல, 'ஊறுதல்' விசையோடு என்றால், கிணற்றில் நீர் ஊறுவது மெல்லத்தானே? அது நிற்க. நான் வகுப்பறையில் நிற்பவன். பீறல் என்றால் எங்கள் பக்கம் கிழிசல் துணி. வெடிப்பு எந்தப் பிள்ளைக்கும் புரியும். புரிகிற சொல்லைப் பறித்துவிட்டு விளக்கம் தேவைப்படும் சொல்லைக் கையில் கொடுக்க வேண்டாம். அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால் 'காமாத் தெறிப்பு' அல்லது 'காமா மின்னல்'. மின்னல் எளிமை, அழகு.

சி. எழுதியது, திங்கள் இரவு

வணக்கம். தெறிப்பு வேண்டவே வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் ஒளித்தெறிப்பு என்றால் நீங்கள் எதிரொளிப்பு என்கிறீர்களே, அதுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'காமாத் தெறிப்பு' என்று வாசித்தால் ஏதோ கண்ணாடியில் பட்டுத் திரும்பியது என்றுதான் விளங்கிக்கொள்ளும். உங்கள் கதிரியக்கம் எங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடு. ஏற்கெனவே இத்தனை பிரிவு இருக்கும்போது புதிதாய் ஒன்றைச் சேர்க்காதீர்கள். வெடிப்பு இரு கரையிலும் ஒன்றுதான், அதனால் எனக்குச் சம்மதம்.

ம.செ. ஐயா, பீர், பீறு பற்றி இன்னும் எழுதுங்கள்.

வா. எழுதியது, செவ்வாய் காலை

வானியல் படித்தவன் என்ற முறையில் சில.

மின்னல் ஆகாது. இடிமேகங்களிலிருந்தே மில்லிநொடிக் காமா மின்னல்கள் கிளம்புகின்றன. காம்ப்டன் விண்ணாய்வகத்தின் பேட்சி கருவி அவற்றைக் கண்டதாக 1994இல் வெளியானது. அந்தப் பெயர் அவற்றுக்கு வேண்டும். 'பொழிவு' என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதினார், அதுவும் ஆகாது. உயர் ஆற்றல் காமாக்கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது உண்டாகும் துகள் பொழிவைத்தான் தரையிலுள்ள தொலைநோக்கிகள் பார்க்கின்றன. 2019 சனவரி 14 அன்று லா பால்மாவின் மேஜிக் தொலைநோக்கிகள் ஒரு காமா வெடிப்பைப் பிடித்தது அப்படித்தான்.

வெடிப்பு என்ற சொல்லில் ம.செ. ஐயா காணும் குறை உண்மை. இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பவற்றில் பெரும்பாலானவை பெருவிண்மீனின் உட்கரு சரிவதால் வருபவை. குறுகியவற்றில் பல, இறந்த பெருவிண்மீன்களின் அடர்ந்த எச்சமான நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று இணைவதால். ஒன்று சரிவு, மற்றது மோதல். இரண்டிலும் நம் பக்கம் திரும்பிய தாரைதான், அதாவது ஒரே திசையில் குறுகிப் பாயும் பாய்ச்சல்தான், காமாக்கதிரைத் தருகிறது.

ஆனால் நான் வாதாட வந்தது மூன்றாம் சொல்லுக்காக. 'இடங்காணல்' என்று போட்டுவிடாதீர்கள். காமாக்கதிரை ஒளியைப்போல் ஆடியில் குவிக்க முடியாது. ஃபெர்மி செயற்கைக்கோளில் வெவ்வேறு பக்கம் பார்க்கும் 12 சோடியம் அயோடைடு உணரிகள் உள்ளன. எதில் அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட்டுத் திசையைக் கணிக்கிறார்கள். சில பாகை பிசகும். 2004இல் ஏவிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோளில் சுமார் 52,000 ஈயத் துண்டுகள் பதித்த தட்டு ஒன்று உணரிகளுக்கு மேலே இருக்கிறது. விழும் நிழலின் கோலத்தை வைத்துச் சில கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அளவுக்குத் திசை சொல்லும். பிறகு ஓரிரு நிமிடத்துக்குள் தானே திரும்பி, எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியால் சில விகலைக்குள் (கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) கொண்டுவந்துவிடும். வெகு தொலைவில் பறக்கும் கலங்கள் பலவற்றிலும் வெடிப்பு பதிவானால் வேறொரு வழி உண்டு. இரண்டு கலங்களுக்கு வந்துசேர்ந்த நேர வேறுபாடு வானத்தில் ஒரு வளையத்தைத் தரும். மூன்றாவது கலம் இருந்தால் வளையங்கள் வெட்டிக்கொள்ளும்.

இவை எல்லாம் தருவது திசை. தொலைவு அல்ல. 2017 ஆகத்து 17 அன்று, நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததால் எழுந்த ஈர்ப்பலை வந்து 1.7 நொடி கழித்து ஃபெர்மி ஒரு குறு வெடிப்பைக் கண்டது. ஈர்ப்பலை ஆய்வகங்களான லைகோ, விர்கோ இரண்டும் சேர்ந்து குறித்த பரப்பு ஏறத்தாழ 30 சதுரப் பாகை. முழுநிலாவை நூறு தடவைக்கு மேல் அடுக்கலாம். அதற்குள் இருந்த விண்மீன் திரள்களை ஒவ்வொன்றாகத் தேடி, சிலியில் லாஸ் காம்பனாசிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கிதான் சுமார் 11 மணி நேரத்தில் புது ஒளிப்புள்ளியைக் கண்டது. அது என்ஜிசி 4993 என்ற திரளில், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்தது. இடம் தெரிந்தது அப்போதுதான். ஆகவே செயற்கைக்கோள் செய்வது திசைகாணல், தரைத் தொலைநோக்கி முடித்துவைப்பது இடங்காணல். பிசகு எல்லைக்கு 'ஐயப்பரப்பு'.

இர.மா. எழுதியது, செவ்வாய் மதியம்

ஐயப்பரப்பு அருமை, எடுத்துக்கொண்டேன். ஆஃப்டர்குளோவுக்கு 'தணல்' போடலாமா? சின்னச் சொல், பலகையில் அடங்கும்.

வா. எழுதியது, செவ்வாய் மாலை

தணல் என்றால் எரிந்த அதே விறகின் மிச்சம். இது அப்படி இல்லை அம்மா. தாரை முன்னே பாய்ந்து, சுற்றியுள்ள வளிமத்தில் மோதும்போது புதிதாக எழும் ஒளி இது. எக்ஸ்-கதிரில் தொடங்கி ரேடியோ வரை தாழும். 1997 பிப்ரவரி 28 வெடிப்புக்குத்தான் முதலில் கண்டார்கள். பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் எக்ஸ்-கதிரில் பார்த்தது, லா பால்மாவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி கண்ணுறு ஒளியில் பார்த்தது. வெடிப்புகள் எவ்வளவு தொலைவில் நிகழ்கின்றன என்ற நெடுநாள் வழக்கு தீர இதுவே வழிதிறந்தது. 'பின்னொளிர்வு' என்று வையுங்கள். 'பின்னொளி' என்றால் திரைக்குப் பின்னாலிருந்து வரும் விளக்கொளி ஆகிவிடும்.

ம.செ. எழுதியது, செவ்வாய் இரவு

பாகை, கலை, விகலை என்று வா. எழுதியது கண்டு மகிழ்ச்சி. பலகையிலும் அவையே வர வேண்டும். கூடவே, ஸ்விஃப்ட்டைச் 'சுவிவ்ட்டு' என்று எழுதுங்கள். வடவெழுத்தை விட்டுத் தமிழெழுத்தால் எழுதுக என்று வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த வழி ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்தும்.

ஆ. எழுதியது, புதன் காலை

கலை என்றால் பிள்ளைகளுக்கு ஓவியமும் நாட்டியமும். பாகையோடு நிறுத்தி, மற்றதை நிலாவின் அகலத்தை வைத்துச் சொல்லுங்கள். 'சுவிவ்ட்டு' என்று எழுதினால் பிள்ளை வீட்டுக்குப் போய் எதைத் தேடும்? பெயர்ச்சொல்லை விட்டுவிடலாம் ஐயா.

இர.மா. எழுதியது, வியாழன் இரவு

நாளை காலை கோப்பு போகிறது. காமாக்கதிர் வெடிப்பு, பின்னொளிர்வு, ஐயப்பரப்பு. செயற்கைக்கோள் பலகைகளில் திசைகாணல், தரைத் தொலைநோக்கிப் பலகையில் இடங்காணல். சூப்பர்நோவாவை 'மீவிண்மீன்' என்று மாற்றி, அங்கே வெடிப்பை எடுத்துவிட்டேன். ஸ்விஃப்ட் அப்படியே இருக்கிறது. கலையும் விகலையும் ஒரே ஒரு பலகையில், விளக்கத்தோடு. வெடிப்புக்கு எல்லாருடைய சம்மதமும் இல்லை, ஆனால் எதிர்த்தவர்கள் குறைவு. நேரம் இல்லாததால் அதையே எடுக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

ம.செ. எழுதியது, வெள்ளி விடிகாலை

முடிவை ஏற்கிறேன், உடன்படவில்லை. சரிவையும் மோதலையும் வெடிப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பிறகு யார் திருத்துவது? குழுவின் சொற்பட்டியலில் 'காமாப்பீறல்' மாற்றுச்சொல்லாக இருக்கட்டும். சி. கேட்ட பீர், பீறு பற்றித் தனி இழையில் எழுதுகிறேன், ஆ. சொன்ன கிணற்றுக்கும் அங்கே மறுமொழி உண்டு.