கரிசலில் ஈரம் இருந்தும் புல் ஏன் முதலில் வாடுகிறது?

மாவனல்லாக்காரன்:
மசினகுடிப் பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் மாடு மேய்க்கிறோம். பாதி கரிசல், பாதி சரளை கலந்த செம்மண். கோடையில் லேசாக மழை பெய்துவிட்டு நின்றுபோனால் கரிசல் பக்கம்தான் புல் முதலில் வாடுகிறது. ஒரு சாண் தோண்டிப் பார்த்தால் அந்த மண்ணில் ஈரம் தெரிகிறது, செம்மண்ணில் ஈரமே இல்லாத மாதிரி இருக்கிறது, ஆனால் அங்கே புல் பச்சையாக நிற்கிறது. இது எப்படி?

மண்வெட்டி:
கைக்குத் தெரியும் ஈரமெல்லாம் வேருக்குக் கிடைக்காது, தம்பி. கரிசல் களிமண் வகை, அதன் துகள் ரொம்பப் பொடியாக இருப்பதால் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு சுமார் 15 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வந்துவிட்டால் பெரும்பாலான பயிர்களால் இழுக்க முடியாது, அதுதான் நிரந்தர வாடல் நிலை. அப்போதும் கனத்த களிமண்ணில் எடைக்கு 15, 20 சதவீதம் தண்ணீர் இருக்கும். நீங்கள் தொட்டுப் பார்த்தது அந்த ஈரமாகத்தான் இருக்கும்.
அப்புறம் ஆழம். காய்ந்த நிலத்தில் 10 மி.மீ மழை பெய்தால் கரிசலில் மூன்று நான்கு செ.மீ.தான் நனையும், மணல் கலந்த மண்ணில் பத்து செ.மீ. வரை இறங்கும். மேலாக நிற்கிற நீரை வெயில் எடுத்துவிடும், ஆழத்தில் போனது வேருக்கு மிஞ்சும்.

கோத்தகிரி வாசி:
களிமண்தான் ஈரம் தாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

மண்வெட்டி:
நல்ல மழை உள்ள இடத்தில் அது சரிதான். பாலைவனச் சூழலை ஆராய்ந்த இமானுவேல் நோய்-மெயர் 1973லேயே இதை எழுதியிருக்கிறார்: வறண்ட இடத்தில் பருமணல் மண்ணில்தான் செடி நன்றாக வளரும், மழை கூடக்கூட அது தலைகீழாகிவிடும். ஆண்டுக்கு 300க்கும் 500 மி.மீ.க்கும் நடுவில் எங்கோ அந்த மாற்றம் வருகிறது என்பது அவர் கணக்கு. மசினகுடி இருக்கும் சீகூர்ப் பக்கம் சராசரி அதைவிடக் கூடத்தான், ஆனாலும் மழை சிறுசிறு தூறலாக வந்து நிற்கும் மாதங்களில் இதே கதைதான் நடக்கும்.

பட்டிமாடு:
மாட்டுக் குளம்பையும் பாருங்கள் அண்ணா. ஈரக் கரிசலில் மாடு நடந்தால் மண் இறுகி, அடுத்த மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும். புல்லை அடியோடு மேயவிட்டால் வேரும் மேலேயே நின்றுவிடும். மழை நின்ற மறுநாள் ரெண்டு பக்கமும் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள், எவ்வளவு ஆழம் சுலபமாக இறங்குகிறதோ அதுவரைதான் நனைந்திருக்கும். கரிசல் காயும்வரை மாட்டைச் செம்மண் பக்கமே விடுங்கள், ஆனால் அங்கேயும் நாலு விரல் புல்லை மிச்சம் விடவேண்டும்.