அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் ரோபோ அறுவை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அப்பாவுக்கு இடது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி. சிறுநீரகத்தை விட்டுவிட்டு கட்டியை மட்டும் டாவின்சி ரோபோ மூலம் எடுக்கலாம் என்கிறார் டாக்டர்.

ரோபோ தானாக எதையும் அறுக்காது, டாக்டர்தான் கன்சோல் என்ற இயக்கும் மேசையில் உட்கார்ந்து முப்பரிமாணக் கேமராவில் பார்த்து இயக்குகிறார், அது புரிந்தது. ஆனால் கேமராவுக்கு மேல்பரப்புதான் தெரியும். கட்டி எவ்வளவு ஆழம் என்று பார்க்கச் சிறுநீரகத்தின் மேலேயே சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியை வைப்பார்களாம். அப்புறம் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை நரம்பில் ஏற்றி அண்மை அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் ரத்தம் ஓடும் இடம் பச்சையாக ஒளிரும், வெட்டும்போது ரத்தம் கொட்டாமலிருக்க கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை மட்டும் அடைத்தார்களா என்று உடனே தெரிந்துவிடும். மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற இது பெரிய உதவி.

என் கவலை இதுதான். சிடி ஸ்கேனுக்குப் போட்ட அயோடின் மருந்தில் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இந்தச் சாயத்தின் பல தயாரிப்புகளிலும் அயோடைடு (அயோடின் உப்பு) உண்டு. இப்படி அலர்ஜி உள்ள யாருக்காவது ஈப்போ, பினாங்கு, கேஎல் பக்கம் இந்த அறுவை நடந்ததா? சாயமே இல்லாமல் அல்ட்ராசவுண்டை வைத்து முடித்தார்களா? வேறு டாக்டரிடமும் ஒருமுறை காட்ட ஸ்கேன் படங்களையே குறுந்தட்டில் (CD) வாங்கவேண்டும், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது என்கிறார்கள். அதை எப்படி வாங்கினீர்கள்? அப்பா டாக்டரிடம் ஒன்றும் கேட்கமாட்டார், எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிடுவார். அடுத்த வாரம் கிளினிக்கில் நான்தான் கேட்கவேண்டும்.