தோட்டத்துப் பிள்ளைகளைக் கடித்தவையும் கொட்டியவையும்: உங்கள் அனுபவம் என்ன?

லயத்து மருமகள்:
மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோல கெட்டில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் மாமனார் வீடு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நேரே பால்மரக் காடுதான். இலை கொட்டும் மாதம். பந்தை எடுக்கப் போன என் ஏழு வயது மகன், காய்ந்த இலையோடு இலையாகச் சுருண்டு கிடந்த பாம்பை மிதித்துவிட்டான். மலாய்க்காரர்கள் 'காப்பாக் போடோ' என்று சொல்லும் குழிவிரியன். ஆள் நெருங்கினாலும் அசையாமல் கிடப்பதால் 'போடோ', அதாவது முட்டாள். வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கம் இது சாதாரணம். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களைத்தான் கடிக்கும் என்று நினைத்திருந்தோம்.

மாமா சைக்கிள் டியூபால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி பிளேடு கேட்டார். இருவரும் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிளேடை நான் பிடுங்கிவிட்டேன். டியூபைத் தடுக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இந்த விஷம் சதையை அழிக்கும், கட்டினால் ஓரிடத்திலேயே தேங்கிவிடும், ரத்த ஓட்டமும் நின்றுபோகும் என்று பிறகு மருத்துவர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

மருத்துவமனையில் தாதி முதலில் செய்தது, கணுக்காலில் நாங்கள் திருஷ்டிக்குக் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வெட்டியதுதான். வீங்கிய சதைக்குள் அது புதைந்தே போயிருந்தது. பிறகு வீக்கம் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதினார். மூன்றாவது கோடு முழங்காலைத் தாண்டியது. ரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். என் கணவர் தூர நின்று எடுத்த படத்தைப் பார்த்துப் பாம்பை அடையாளம் கண்டு, விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் மருந்து அது. சின்னப் பிள்ளை, குறைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "பிள்ளை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைக்கவில்லையே அம்மா. பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான்" என்றார் மருத்துவர்.

கால் பிழைத்தது. ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது.

செம்பனைக்காரன்:
அக்கா, படிக்கும்போதே கை நடுங்கியது. எங்களுக்கு நேர்ந்தது குளவி. செம்பனை மட்டைக்கு அடியில் இருந்த கூட்டில் பையன்கள் கல்லெறிந்துவிட்டார்கள். என் அண்ணன் மகனுக்கு முப்பதுக்கு மேல் கொட்டு. சுண்ணாம்பு தடவியதும் அழுகை நின்றது, சோறும் சாப்பிட்டான். சரியாகிவிட்டது என்று படுக்க வைத்தோம். மறுநாள் சிறுநீர் பாலில்லாத கோப்பி ஓ போலக் கறுத்து வந்தது. சிறுநீரகம் பழுதாகி, இரண்டு வாரம் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நிறையக் கொட்டு வாங்கிய பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கூட்டை நீங்களே கொளுத்தாதீர்கள். தீயணைப்பு மீட்புப் படையைக் கூப்பிடுங்கள், வந்து அகற்றுவார்கள்.

ஆயாக் கொட்டகை அம்மா:
எங்களிடம் பூரான்தான் அதிகம். மழைக்குப் பிறகு காலணிக்குள் நுழைந்துவிடும். தட்டிப் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் நான் மாட்டிவிடுவதில்லை. தேனீ கொட்டினால் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய டிரசர்:
மகளே, தேனீ கொடுக்கை விட்டுப் போகும். எதைக்கொண்டு எடுப்பது என்று தேடாமல் உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடு. இருக்க இருக்க விஷம் இறங்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வை. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், வாந்தி எடுத்துத் துவண்டால் அது ஒவ்வாமை. வண்டி தேடி நேரத்தைப் போக்காமல் 999ஐ அழை. பாம்புக் கடிக்குக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட காலை ஆடாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பினால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு, தாய்ப்பால் விடாதே.

லயத்து மருமகள்:
நன்றி ஐயா. மாமா இப்போது தினமும் காலையில் வீட்டைச் சுற்றி இலையைக் கூட்டுகிறார். பேரனுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அத்தை மறுபடி கறுப்புக் கயிறு கட்ட வேண்டும் என்றார். அரைஞாணோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன்.