தெரபிஸ்டின் மற்ற கிளையன்ட்கள் மேல் பொறாமை வருகிறது

கேள்வி:
வியாழக்கிழமை சாயங்காலம் கவுன்சலிங் போகிறேன். எனக்கு முந்தைய நேரம் ஒரு பெண்ணுக்கு. கதவு திறந்தால் அவளும் மேடமும் சிரித்துக்கொண்டே வருவார்கள். போன வாரம் மேடம் வாசல்வரை வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு "வாங்க, உட்காருங்க" மட்டும்தான். உள்ளே போனால் மேசைமேல் அவள் கசக்கிப் போட்ட டிஷ்யூ, பாதி குடித்த தண்ணீர். பார்த்ததும் வயிறு எரிந்தது. அன்றைக்கு நான் எதுவுமே பேசவில்லை. வேறு ஆளைப் பார்க்கலாமா?

பதில்:
அவசரப்படாதீர்கள். வீட்டில் அம்மா அப்பாவிடம் இருந்த ஏக்கம் தெரபிஸ்ட் மேல் வந்து உட்காரும். டிரான்ஸ்ஃபரன்ஸ் என்பார்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1912-லேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா?

கேட்டவர்:
ஒரு அக்கா. அம்மா மனசுவிட்டுப் பேசுவது அவளிடம்தான். நான் போனால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு "சாப்பிட்டியா?" என்பாள்.

மற்றொரு பதில்:
இதை அப்படியே மேடத்திடம் சொல்லுங்கள், அக்கா விஷயத்தையும் சேர்த்து. எனக்கும் இதே பொறாமை இருந்தது. சொன்னபோது என் டாக்டர் முகம் சுளிக்கவில்லை, அந்த செஷன் முழுக்க அதைத்தான் பேசினோம். அதுவரை பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் விசாரிக்காதீர்கள், சொல்ல மாட்டார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காக்க வேண்டும், உங்களுடையதையும்தான். வாயில் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அவளைப் பார்க்காதபடி நேரம் மாற்றுவதை அப்புறம் கேட்கலாம்.